சாட்சிக்கு நின்றவன்

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே இருந்த அந்தச் சிறிய ஆலயத்தின் பக்கத்து அறையில், குற்றாலலிங்கம் நாற்காலியின் விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றியபடி உட்கார்ந்திருந்தார். கணையத்தில் புற்று. மருத்துவர் சொன்ன மூன்று மாதத்தில் இரண்டரை போய்விட்டது. இன்னும் சற்று நேரத்தில், ஞாயிறு ஆராதனையில், அவருக்கு ஞானஸ்நானம். மனைவி பாலம்மாள் இறந்ததிலிருந்து ஐந்து வருடமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனவர், போன வாரம்தான் வாய்திறந்து கேட்டிருந்தார். கேட்ட அன்று மட்டும்தான் தூக்கம் வந்தது.

போதகர் வேதமாணிக்கம் பதிவேட்டைத் திறந்தார். “ரெண்டு பேரு சாட்சிக்கு நிக்கணும்யா, சபை வழக்கம். ஒண்ணு எங்க வீட்டம்மா. இன்னொருத்தரு அவராவே கேட்டு வந்திருக்காரு.”

கதவோரம் நின்றவனைக் கண்டதும் குற்றாலலிங்கத்தின் வளைந்த முதுகு நிமிர்ந்தது. இசக்கியப்பன். வள்ளியூரில் ரேஷன் கடையில் இருந்துகொண்டு, ஏழைகளுக்குரிய அரிசியைக் கேரளத்துக்கு லாரி ஏற்றியவன். வட்ட வழங்கல் அலுவலராக இருந்தபோது அவனைப் பிடித்துக் கொடுத்தவர் இவரே.

“நீயாலே?”

“நாந்தான் சார்வாள்.” இசக்கியப்பன் சிரித்தான். “உங்க தயவுல பதினோரு மாசம் உள்ள கெடந்தேன். அங்கனதான் வேதப்புத்தகத்தத் தொட்டேன். வெளிய இருந்திருந்தா இன்னும் தராசத்தான் அமுக்கிக்கிட்டு இருப்பேன். இன்னைக்கு உங்களுக்கு நான் நிக்கேன்.”

“உன் சிபாரிசு எனக்கு வேண்டாம்.”

“சிபாரிசு இல்ல சார்வாள். ஒரு தொணைக்கு.”

போதகர் கண்காட்ட, அவன் பைய வெளியேறினான்.

“வேற ஆள நிறுத்திரலாம்யா, அதுல ஒண்ணுமில்ல. ஆனா அவரு மண்டி போட்ட எடத்துலதான் நீங்களும் போடணும். தனி எடம் கெடயாது.”

“முப்பத்தஞ்சு வருச சர்வீஸ்ல யாரு வீட்டுக் காப்பியும் நான் குடிச்சதில்ல, போதகரய்யா. அவனுக்கும் எனக்கும் ஒரே மன்னிப்பா?”

“ஒரே மன்னிப்புதான்.”

“அப்ப நான் ஒழுங்கா இருந்தது எதுக்கு?”

குற்றாலலிங்கத்தின் நினைவில் பாலம்மாள் வந்து நின்றாள். சிறுநீரகம் பழுதாகி, அரசு மருத்துவமனையில் டயாலிசிஸுக்குத் தன் முறை வர அவள் காத்துக் கிடந்தபோது, ஒரு தொலைபேசி அழைப்பில் எல்லாம் முடியும் என்று பழைய நண்பர் ஒருவர் சொன்னார். ‘அவளுக்கு முன்னால பதினெட்டுப் பேர் இருக்காங்க. வரிசைப்படி வரட்டும்’ என்று இவர் மறுத்தார். கட்டிலில் கிடந்தவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நான்காம் நாள் இறந்தாள்.

அந்தத் திரும்பிய முதுகுதான் அவரை இந்த ஆலயம்வரை துரத்தி வந்தது. ஆனால் இங்கே, வரிசையே இல்லை என்கிறார்கள். தகுதி பாராமல், கேட்டவனுக்கெல்லாம் கிடைக்குமாம். அதை இன்று தமக்காகக் கைநீட்டி வாங்கினால், அன்று அவளுக்காக ஏன் நீட்டவில்லை? உள்ளே போய்த் தம்மைப் பாவி என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அந்த மறுப்பும் பாவத்தின் பக்கம் போய்ச் சேரக்கூடும். பிறகு பாலம்மாள் எதற்காகச் செத்தாள்? அவள் உயிரைக் கொடுத்து வாங்கிய நேர்மை அது ஒன்றுதான் அவர் கையில் மிஞ்சியிருந்தது. அதையும் இறக்கி வைக்கச் சொன்னார்கள்.

மணி அடித்தது. சபையார் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“வாங்கய்யா,” போதகர் கை நீட்டினார். “நிக்க முடியாட்டா நான் தாங்கிக்கிடுதேன்.”

அந்தக் கையை அவர் நெடுநேரம் பார்த்தார். பற்றிக்கொள்ள விரல்கள் துடித்தது அவருக்கே தெரிந்தது.

“என்னால பொய் சொல்ல முடியாது,” என்றார். “நான் தப்பு செய்யல.”

சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தார். இசக்கியப்பன் ஓடிவந்து தோளைத் தாங்கினான். “சார்வாள், எம்மேல கோவம்னா நான் ரோட்டுல போய் நிக்கேன். நீங்க உள்ள போங்க. உங்க கால்ல விழுதேன்.” அவன் அழுதுகொண்டிருந்தான். அவர் அந்தக் கையை விலக்கிவிட்டு, வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினார்.

ஆட்டோ நகர்ந்தபோது ஆலயத்துக்குள் பாட்டு தொடங்கியிருந்தது. யாராவது கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உள்ளே தள்ளமாட்டார்களா என்று தவித்தார்.

“இன்னும் நேரம் இருக்கு சார்வாள்!” என்று பின்னாலிருந்து இசக்கியப்பனின் குரல் வந்தது.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “நிக்கணுமா சார்?”

ஆம் என்று சொல்லத்தான் குற்றாலலிங்கம் வாயைத் திறந்தார்.

“நேரா போப்பா.”