மெலடிக் ஹவுஸ் ரெடி

அப்பா லூர்துசாமி மைன்ஸிலிருந்து ஓய்வுபெறும் மாதம். குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு எங்கே போவது என்று தினமும் புலம்பினார். அந்த நேரம் பார்த்து, நானே பாடி இசையமைத்த பாட்டு முடிந்த குஷியில் சென்னையிலிருந்து போன் செய்தேன். “அப்பா, என் மெலடிக் ஹவுஸ் ரெடி!”

நெய்வேலியில் கம்பெனி தருவது குவார்ட்டர்ஸ். ஹவுஸ் என்றால் சொந்த வீடு. மெலடிக் என்பது அடுக்குமாடியின் பெயர் என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார்.

பாட்டைப் போட்டுக்காட்ட ஊருக்கு வந்தால், வாசலில் லாரி. கட்டில், பீரோ எல்லாம் ஏறிவிட்டன. அம்மா, பால் காய்ச்சப் புதுப் பாத்திரத்தோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏறு கிறிஸ்டினா, டிரைவருக்கு வழி சொல்லு,” என்றார் அப்பா.

தலையிலடித்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன். “இந்தப் பாட்டுதாம்பா ஹவுஸ்! அது ஒரு வகை டான்ஸ் மியூசிக். கூட மூணு ரீமிக்ஸ் வேற இருக்கு.”

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“நாலுமே நல்லாத்தாம்மா இருக்கு. கட்டில எதுல போடறது?”