சாதாரணச் சாவு

அத்தை முதலில் அழவில்லை. கட்டிலில் உயிரில்லாமல் கிடந்த தம்பியின் சட்டைக் காலரை விலக்கிக் கழுத்தைப் பார்த்தாள். பிறகு அலமாரியில் இருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து எண்ணத் தொடங்கினாள். ஒன்றும் குறையவில்லை. நம்பாமல் மறுபடி எண்ணினாள்.

"போதும் அத்தை," என்றாள் தம்பியின் மகள்.

"நீ சும்மா இரு. டாக்டர் வர்றதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

மகளுக்கும்தான் தெரிய வேண்டியிருந்தது. தாத்தா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். பெரியப்பாவும் அப்படித்தான் போனார். அடுத்தது இவன்தான் என்று சொந்தக்காரர்கள் வெகுகாலமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்கள். அதற்கடுத்து யார் என்று மட்டும் அவள் காதுபட யாரும் சொன்னதில்லை. அவளும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறாள்.

அவளுக்கும் அந்த மனச்சோர்வு நோய் வந்தபோது, அப்பாதான் தன் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார்.

"ரத்தத்துல கொஞ்சம் வரும்மா," என்றார் மருத்துவர். "ஆனா அது மட்டும் இல்ல. சின்ன வயசுல அடியும் பயமுமா வளர்ந்தா, மூளை எப்பவும் ஆபத்தையே எதிர்பார்த்துப் பழகிடும். உங்கப்பாவுக்கு ரெண்டும் சேர்ந்திடுச்சு."

லிப்ட் மெக்கானிக்கான அப்பா சிரித்தார். "எனக்கு வயரிங்கும் மோசம், மேல இடியும் விழுந்துச்சு. இவளுக்கு வயரிங் மட்டும்தான் சார். இடி விழாம நான் பாத்துக்கிட்டேன்."

பார்த்துக்கொண்டார்தான். தாத்தாவின் பெல்ட் அடியில் வளர்ந்த மனிதர், மகள் மேல் ஒரு சுண்டுவிரலைக்கூட ஓங்கியதில்லை. எழுந்திருக்கவே முடியாத நாட்களில், "அப்பாவுக்கு இன்னிக்கு முடியலம்மா" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார். மறுநாள் பல் தேய்த்து, சவரம் செய்து, வேலைக்குக் கிளம்புவார். அதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்தார். நேற்று நெஞ்சு எரிச்சல் என்று சொன்னாரா என்று கேட்டார். சொன்னார், வாயு என்று நினைத்துவிட்டார்கள்.

"ஹார்ட் அட்டாக். தூக்கத்துலயே போயிருக்கார். எழுபது தாண்டியாச்சு, சுகர் வேற. சாதாரணமா நடக்கறதுதான்மா."

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்."

அவர் விழித்தார். ஆனாலும் சொன்னார்.

அத்தை தம்பியின் கன்னங்களை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டாள். "ஜெயிச்சுட்டேடா! நம்மப்பாவை, அந்த மனுஷனை ஜெயிச்சுட்டேடா!" அதன் பிறகுதான் ஓவென்று அழுதாள். டாக்டர் அவசரமாகச் செருப்பைத் தேடினார்.

மகளுக்குத் துக்கம்தான். ஆனால் அதைவிடப் பெருமையாக இருந்தது, வெட்கமே இல்லாமல் பெருமையாக இருந்தது.

போன் அடித்தது. அம்மாவின் தம்பி. குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எப்படிம்மா... போனார்?"

அவள் வாசலுக்கு வந்து, மாடிப்படியில் கூடி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "மாரடைப்பு மாமா!"

"அப்படியா... சரி, சரி. நீ எப்படிம்மா இருக்கே?"

"நான் இருப்பேன் மாமா," என்றாள்.

உள்ளே போய், கட்டிலில் உட்கார்ந்து, அப்பாவின் கலைந்த தலையை வார ஆரம்பித்தாள்.