கோல் காக்க வந்த டானிஸ்

மார்லின் கோஸ்கி மாணவியாக இருந்தபோது, வட ஒன்டாரியோவின் அந்தப் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு ஐஸ் ஹாக்கி அணி கிடையாது. ஆண்கள் கழித்துப்போட்ட மட்டைகளையும் கவசங்களையும் கேட்டு வாங்கி, விடியுமுன் யாருக்கும் வேண்டாத நேரத்தில் பனிக்களத்தைப் பிடித்து, விடுதித் தோழிகளை இழுத்துவந்து அவள்தான் அதைத் தொடங்கினாள். "சமையல்கட்டு அந்தப் பக்கம்மா" என்று ஆண்கள் அணிக்காரர்கள் கிண்டலடித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு அதே அணிக்குப் பயிற்சியாளராகி, தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தாள். இருமுறை மாகாணக் கோப்பை வந்தது.

பருவம் முடிந்த மார்ச்சில், சிக்கனம் என்று சொல்லிப் பெண்கள் அணியை நிர்வாகம் கலைத்துவிட்டது. ஆண்கள் அணியைத் தொடவில்லை. காணொளியில் வந்த பல்கலைக்கழகத் துணைத்தலைவர் வருத்தம் தெரிவித்துவிட்டு, கேள்வி கேட்பதற்குள் மறைந்துபோனார்.

மார்லினுக்கு அழக்கூட நேரமில்லை. ஊர் ஊராகப் பயிற்சியாளர்களைத் தொலைபேசியில் பிடித்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் இடம் கேட்டாள். ஏப்ரல் முடிவதற்குள் பெரும்பாலோருக்குக் கிடைத்துவிட்டது. சிலர், ஆட்டமே வேண்டாம், படிப்பு போதும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். டானிஸ் மட்டும் மிஞ்சினாள்.

டானிஸ் முதலாண்டு கோல்காப்பாளர். சாலை போகாத, விமானம் மட்டுமே இறங்கும் வடக்கத்திய பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வந்தவள். அவள் அண்ணன் பள்ளிப்படிப்புக்காக நகரத்துக்கு வந்து, ஆற்றில் பிணமாகக் கிடைத்தவன். அதனால் அவள் அம்மா முதலில் சம்மதிக்கவே இல்லை. மார்லின் நேரில் போய் அவர்கள் அடுக்களையில் உட்கார்ந்து, நான்கு வருடமும் தன் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்த பிறகே அந்த அம்மா மகளை அனுப்பினாள்.

கோல்காப்பாளருக்கு எந்த அணியிலும் இடம் குறைவு. ஒரே ஒரு பயிற்சியாளர், இலையுதிர்காலத்தில் வந்து ஆடிக் காட்டட்டும், உறுதி எதுவும் சொல்ல முடியாது என்றார். மார்லின் அதை டானிஸிடம் சொன்னாள்.

"உறுதி இல்லாம எங்கம்மா திரும்ப அனுப்ப மாட்டாங்க, கோச்."

"நான் பேசிப் பாக்கறேன்."

"என்னன்னு பேசுவீங்க?"

டானிஸ் கையுறையின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"மூடப்போறாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சத்தியமா தெரியாதும்மா."

"தெரிஞ்சிருந்தா தேவலை. கோவிச்சுக்க ஒரு ஆளாவது கிடைச்சிருக்கும்."

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மார்லினே அவளை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டாள். சின்ன விமானம், கால்கவசங்கள் அடைத்த பெரிய பையை ஏற்ற மாட்டோம் என்றார்கள். சரக்கு விமானத்தில் அனுப்பி வைப்பதாக மார்லின் சொன்னாள். வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள் டானிஸ். ஒருமுறை கட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். விமானம் மேகத்துக்குள் போன பிறகும் மார்லின் அந்தப் பையைப் பிடித்தபடி நின்றாள். அதைக் கொடுக்க இப்போது அவளிடம் ஆடும் பெண் ஒருத்தியும் இல்லை.

கோடை முழுக்க அவள் அழைத்தாள். முதலில் டானிஸ் இரண்டொரு வார்த்தை பேசினாள். பிறகு எடுப்பதையே நிறுத்திவிட்டாள். செப்டம்பரில், பெண்களின் உடைமாற்றும் அறை ஆண்கள் அணிக்கு எடைப்பயிற்சிக் கூடமாக மாறியது. சாவியை ஒப்படைக்கப் போன மார்லின், பதிவு அலுவலகத்தில் டானிஸைப் பற்றி விசாரித்தாள். இரண்டாமாண்டுக்கு அவள் பதிவு செய்யவில்லை என்றார்கள். ஊரில் ஏதோ கடையில் வேலைக்கு நிற்கிறாளாம் என்று பழைய ஆட்டக்காரி ஒருத்தி பிறகு சொன்னாள்.

மார்லின் அதன்பின் பனிக்களத்துப் பக்கம் போகவில்லை.