ஒரு டம்ளர் தண்ணிக்கு முந்நூறு எபிசோடு

மதியம் ஒரு மணிக்குத் தையல் கூடத்தில் மெஷின்கள் நின்றால், அடுத்த இருபத்திரண்டு நிமிடம் பேய்க்குச் சொந்தம். முந்தின இரவு ஓடிய 'நிழல் குடித்தனம்' தொடரை வீட்டில் எவளும் பார்க்கக் கூடாது. தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் அக்காவின் போனைச் சாப்பாட்டு டப்பாவில் சாய்த்து வைத்து எல்லோரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். ஆசை தாங்காமல் முன்கூட்டியே பார்த்து வாய் உளறிய அயர்ன்காரி, ஒரு வாரம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். பார்த்து முடித்ததும் பஞ்சாயத்து. தையலில் குறை உள்ள இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஆளுக்கு ஒன்று கிழித்து, சுவரில் இருக்கும் தொடரின் படத்தில் அன்றைய குற்றவாளியின் முகத்தில் ஒட்டுவார்கள். தொடரில் வரும் சித்தியின் முகம் அம்புகளுக்கடியில் எப்போதோ காணாமல் போய்விட்டது.

பொத்தான் துளை போடுகிறவளை எல்லோரும் 'காஜா' என்றுதான் கூப்பிடுவார்கள். காஜாவுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அந்தத் தொடருக்கு எழுதும் கூட்டத்தில் அவள் தம்பி நான்கு மாதமாக எடுபிடி. இது அவனே எழுதிய முதல் எபிசோடு. "அக்கா, உங்க ஆளுங்க பாத்து முடிச்சதும் இந்த நம்பருக்கு நாலு வார்த்தை பேசி அனுப்பச் சொல்லு. என்னையும் உக்கார வெச்சு அதையெல்லாம் கேட்டுட்டுதான் என்னை வெச்சுக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க" என்று நம்பரும் அனுப்பியிருந்தான். கண் பட்டுவிடும் என்று தம்பியைப் பற்றி அவள் இங்கே மூச்சு விட்டதில்லை. இன்று எல்லோரும் மூக்கைச் சிந்தும் நேரம் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தாள்.

கதை இதுதான். காய்ச்சலில் செத்த எட்டு வயதுப் பெண் பேயாக வந்து ஒரு வீட்டையே ஆட்டி வைக்கிறாள். அவளுக்கு விஷம் வைத்தது சித்தியா, டாக்டரா, பெற்ற அப்பனா? முந்நூறு எபிசோடாக இந்தக் கேள்வியைத்தான் மென்றுகொண்டிருந்தார்கள். இன்று விடை.

பேய் அம்மாவின் கட்டிலோரம் வந்து நின்றது. விஷம் யாரும் வைக்கவில்லை. காய்ச்சலின் மூன்றாம் நாள் பிள்ளை தண்ணீர் கேட்டது. இரண்டு தடவை எழுந்து கொடுத்த அம்மா, மூன்றாவது தடவை கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "செத்துத் தொலையேன், என்னைத் தூங்க விடு." விடிந்தபோது பிள்ளை சில்லிட்டிருந்தது. பேய் பழி வாங்க வரவில்லை. அந்த மூன்றாவது டம்ளருக்காக வந்திருந்தது. அம்மா நசுங்கிய டம்ளரில் கொடுத்தாள். பேய் குடித்தது, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு போயே போய்விட்டது.

காஜாவின் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. அந்த வார்த்தை அவளுடையது. ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால், மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, குளியலறைத் தரையில் உட்கார்ந்து தம்பியிடம் மட்டும் சொன்னது. புருஷனுக்குக்கூடத் தெரியாது. டம்ளரின் நசுங்கலைக்கூட விடாமல் எடுத்து ஊருக்கே பந்தி போட்டுவிட்டான் படுபாவி.

"அடப்பாவிங்களா, ஒரு டம்ளர் தண்ணிக்கா முந்நூறு எபிசோடு?" என்றாள் செக்கிங் அக்கா. "மொதல்லயே குடுத்துத் தொலைச்சிருந்தா என் டேட்டாவாவது மிஞ்சியிருக்கும்."

"பேய்க்குத் தாகம்னா பைப்பைத் திறந்து குடிக்க வேண்டியதுதானே" என்றாள் அயர்ன்காரி. கூடமே சிரித்தது. காஜாவும் சிரித்தாள். சிரிக்காதவளைத்தான் முதலில் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஸ்டிக்கர் சுருள் கைமாறியது. எல்லா அம்பும் அம்மாக்காரியின் முகத்துக்கே போயின.

"அவளைச் சும்மா விட்டுட்டாங்களே, அதான் எனக்கு ஆறல" என்றாள் அயர்ன்காரி. "பேய் அவ கழுத்தைத் திருகியிருக்கணும்."

"இப்படி ஒருத்தி இருந்தாத்தானேடி திருக?" என்றாள் செக்கிங் அக்கா. "பெத்தவ வாயில அந்த வார்த்தை வருமா? நாய்கூட அதோட குட்டியைச் சொல்லாது."

"அசதியில..." என்று காஜா வாயெடுத்தாள். "மூணு நாள் தூங்காதவ..."

செக்கிங் அக்கா அவள் பக்கம் திரும்பினாள். கோபம்கூட இல்லை, பரிதாபம்தான். "உனக்கு என்னம்மா தெரியும்? நீ ஒண்ணு பெத்திருந்தா இப்படிப் பேசமாட்டே."

வேலைக்குச் சேர்ந்த அன்று, கேள்விக்குப் பயந்து, பிள்ளை இல்லை என்று சொன்னது காஜாதான். தன் வாயால் வெட்டிய குழி. அவள் ஒரு ஸ்டிக்கரைக் கிழித்துக்கொண்டு சுவருக்குப் போனாள். அம்மாக்காரியின் முகத்தில் இடமே இல்லை. இருந்த அம்புகளின் மேலேயே அழுத்தி ஒட்டிவிட்டு வந்தாள்.

மடியில் போன் அதிர்ந்தது. தம்பி. "பாத்தியா அக்கா? உனக்காகத்தான் எழுதினேன். உன் பாரம் இறங்கிச்சா? நம்பரைக் குடுத்துட்டியா?"

இரண்டு தடவை படித்தாள். அதன் பிறகு குரலில் ஒரு பிசிறும் இல்லாமல் சொன்னாள்: "அந்த எபிசோடு எழுதினவங்களுக்கே நேரா சொல்லலாம். என்கிட்ட நம்பர் இருக்கு."

கரும்பு தின்னக் கூலியா கேட்பார்கள்? காஜாவின் போன் கை கையாகப் போனது. செக்கிங் அக்கா எழுதினவனின் பிறப்பை விசாரித்தாள். அயர்ன்காரி அவன் கையை இஸ்திரிப் பெட்டிக்கடியில் வைக்கச் சொன்னாள். ஒருத்தி ஒன்றும் பேசாமல் காறித் துப்பும் சத்தத்தை மட்டும் அனுப்பினாள். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். ஒவ்வொன்றும் போய்ச் சேருவதைக் காஜா பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு குளிர்ந்தது. அதை மறைப்பானேன், குளிரத்தான் செய்தது.

"நீயும் பேசு காஜா."

அவள் போனை வாய்க்கருகே பிடித்தாள். தன் குரலைத் தம்பி ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவான் என்று தெரியும்.

"பொய் எழுதியிருக்கே. எந்தத் தாயும் அப்படிச் சொல்லமாட்டா. அப்படிச் சொன்ன ஒருத்தி உயிரோட இருக்கமாட்டா."

செக்கிங் அக்காவின் கண் கலங்கியிருந்தது. எபிசோடு முழுக்கக் கலங்காத கண்.

"அடியே, பெக்காமலே பெத்தவ மாதிரி பேசிட்டியே" என்று காஜாவின் முதுகைத் தட்டினாள். "தொண்டை அடைச்சுக்கிச்சு பாரு. யாராவது இவளுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுங்கடி."

தண்ணீர் வந்தது. இரண்டு மணிக்கு வேலை மணி அடிக்கும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.