மூடிய கழுத்து

எங்கள் கம்பெனியில் தைப்பதெல்லாம் முழுக்கை, மூடிய கழுத்து, முழங்காலுக்குக் கீழே இறக்கம். கூடவே ஒரு துப்பட்டா. வாங்குவது வெளிநாட்டுப் பெண்கள். கையில்லாமல் முதுகில்லாமல் உடுத்தி உடுத்தி அலுத்துப் போனவர்களாம். நம் பக்கத்துப் பெண்களின் அடக்கமும் கௌரவமும் இந்தத் துணியில் அவர்களுக்குக் கிடைக்கிறதாம். டிசைனர் மேடம் அப்படித்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அடக்கத்தைத் தைக்க உட்காருவதற்கு முன்னால் நாங்கள் எங்கள் துப்பட்டாவைக் கழற்றி வாசலில் உள்ள ஆணியில் மாட்டியாக வேண்டும்.

விதியைக் குறை சொல்லவில்லை. மிஷினுக்கு அடியில் மோட்டார், மோட்டாருக்கு ஒரு பெல்ட். தொங்குகிற எதையும் அது இழுத்துக்கொள்ளும். துப்பட்டா கூடாது, அவிழ்ந்த கூந்தல் கூடாது என்று சுவரில் சிவப்பு எழுத்தில் பலகையே உண்டு. ஆனால் விசில் என்று நாங்கள் பெயர் வைத்திருந்த சூப்பர்வைசர் வரிசைக்கு நடுவே நடந்து வரும்போது எல்லோரும் தோளை முன்னால் வளைத்துக் கூன் போட்டுக்கொள்வோம். எங்கள் முதுகுவலியில் பாதி தையலால் வந்தது, பாதி அந்த ஆளால் வந்தது.

கூன் போடாத ஒருத்தி என் தங்கை. வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர். என் பக்கத்து மிஷின் அவளுடையது. விசில் அருகில் வந்தால், "என்ன சார், தையல் கீழ இருக்கு, கண்ணு மேல இருக்கு?" என்று சத்தமாகவே கேட்பாள். வரிசை முழுக்கக் குனிந்துகொண்டு சிரிக்கும். அந்த ஆள் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்.

ஒரு நாள் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். துணியோடு தைக்கிற பெண்களையும் காட்டினால் வாங்குகிறவர்களுக்கு மனசு நிறையும் என்று வெளிநாட்டுக் கடைக்காரர்கள் கேட்டார்களாம். கேமராக்காரர் எங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். துப்பட்டா இல்லாமல் நாங்கள் பாதி உடுத்தியவர்கள் போல இருந்தோமாம். மேடம் உடனே ஏற்றுமதிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஆளுக்கு ஒரு புதுத் துப்பட்டா கொடுத்தார். வழவழப்பான துணி. நம்மைவிட ஒரு தலை உயரமான பெண்களுக்காக வெட்டியது என்பதால், உட்கார்ந்தால் முனை தரையில் புரண்டது. ஊக்குக் குத்திக்கொள்கிறோம் என்று கேட்டோம். துளை விழுந்தால் பெட்டியில் திருப்பி வைக்க முடியாது, சும்மா கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் மேடம். சுவரில் இருந்த பலகை படத்தில் விழுகிறது என்று விசில் ஒரு புதுக் குர்தியை அதன்மேல் மாட்டி மறைத்தார். பிறகு கேமராக்காரர் மிஷினை ஓட்டச் சொன்னார். துணி அசைந்தால்தான் படத்தில் உயிர் இருக்குமாம்.

என் தங்கையின் மிஷினில் பெல்ட் மூடி கழன்று வெகு நாளாகியிருந்தது. சொல்லிச் சொல்லி நாங்கள் வாய் ஓய்ந்துபோயிருந்தோம். அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள், காலை அழுத்தினாள். அடுத்து நான் பார்த்தபோது அவள் முகம் மேஜையோடு மேஜையாக அழுந்திக் கிடந்தது. அவ்வளவு பேசுகிறவளிடமிருந்து ஒரு சத்தம்கூட வரவில்லை. நான்தான் சுவிட்சை அணைத்தேன், நான்தான் கத்தரியால் துணியை அறுத்தேன். அறுக்கும்போது, துணி வீணாகிறதே என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அது யார் என்று இன்று வரைக்கும் தெரியாது. தெரிந்தால் சும்மா விடமாட்டேன்.

பிழைத்துவிட்டாள். இந்தக் காதுக்கடியில் தொடங்கி அந்தக் காதுக்கடி வரைக்கும் தடித்த சிவப்புத் தழும்பு. பேசினால் காகிதத்தைக் கசக்குவது போல ஒரு ஒலி. விதியை மீறித் துப்பட்டா அணிந்து மிஷினில் உட்கார்ந்தது அவளுடைய கவனக்குறைவு என்று ஆபீஸில் முடிவு கட்டினார்கள். பலகையைச் சாட்சிக்குக் காட்டினார்கள். மேலே தொங்கிய குர்தியை அன்றைக்கே எடுத்துவிட்டிருந்தார்கள். வரிசையில் இருந்த எல்லோருக்கும் உண்மை தெரியும், எல்லோருக்கும் வேலையும் வேண்டும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

தெருவில் பேசியது அதைவிட மோசம். கல்யாணமாகாத பெண்ணுக்குக் கழுத்தில் அப்படி ஒரு தடம் இருந்தால் சனம் என்ன நினைக்கும்? தூக்கு மாட்டிக்கொண்டாளாம். எவனோ ஏமாற்றிவிட்டானாம். நலம் விசாரிக்க வந்த சித்தியே என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய், "உண்மையைச் சொல்லுடி, எத்தனை மாசம்?" என்று கேட்டாள். அவளை வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பினால் தங்கை கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். அன்றோடு அவள் வாசலுக்கு வருவதை விட்டாள்.

எனக்குத் தெரிந்தது தையல். அவளுக்கென்று உயரமான காலர் ஒன்று வைத்துக் குர்தி தைத்தேன். உள்ளே பழைய பருத்தித் துணி வைத்ததால் தழும்பில் உரசாது. கொக்கிகளை இரண்டு பக்கமும் காதுக்கு நேர் கீழே வைத்து, விளிம்பைத் தாடைவரை இழுத்துவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு முதலில் மொட்டைமாடி வரை போனாள், பிறகு கடைத்தெரு. பிறகு கம்பெனிக்கே வந்தாள், மிஷினுக்கு அல்ல, நூல் பிசிறு வெட்டும் மேஜைக்கு.

மேடம் அந்தக் காலரைப் பார்த்தார். பார்த்த கையோடு அவளைத் தனியறைக்கு அழைத்துப்போய் வேறொரு சட்டையைக் கொடுத்து, அந்தக் குர்தியை உள்ளும் புறமும் புரட்டி, காகிதத்தில் அளவு எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் வரிசை முழுவதும் அதே காலர். வெளிநாட்டில் போட்டி போட்டுக்கொண்டு வாங்குகிறார்களாம். ராணி மாதிரி நிமிர்ந்து நிற்கத் தோன்றுகிறது என்று ஒருத்தி எழுதியிருந்தாளாம். என் தங்கையின் புண்ணை மறைக்க நான் கண்ட வழியை நாள் முழுக்க என் கையாலேயே தைத்தேன்.

அதோடு விட்டார்களா? அந்தக் காலரைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நிற்க அவளையே கேட்டார்கள். அவள் முகத்தில் ஒரு சோகம் இருக்கிறதாம், இந்த உடைக்கு அது எடுப்பாக இருக்கிறதாம். செருப்பால் அடித்தது போல இருந்தது எனக்கு. போகக்கூடாது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அவள் பேசினாள்.

"போறேன்க்கா. காலர் கொக்கியைக் கழட்டிட்டு நிக்கப் போறேன்."

"பைத்தியமா உனக்கு?"

"இந்தத் தெருவுல நான் தூக்கு மாட்டிக்கிட்டவ. ஆபீஸ்ல என் கவனக்குறைவு. வாங்குறவளாவது பார்க்கட்டும். அத்தனை பேர்ல ஒருத்தி கேக்க மாட்டாளா, இந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு? ஒருத்தி கேட்டாப் போதும்."

இவ்வளவு நாள் அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வெள்ளைத் துணிக்கு முன்னால் நிறுத்தினார்கள். நான் ஓரமாக நின்றேன். விளக்குகள் எரிந்ததும் அவள் கையை உயர்த்திக் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். காலரின் முன்பாதி விரிந்து கீழே விழ, தாடையைத் தூக்கி நேராகப் பார்த்தாள். கேமராக்காரர் கேமராவை இறக்கிவிட்டு மேடத்தைப் பார்த்தார். மேடம் கொஞ்சம் யோசித்தார். பிறகு, எடுங்கள் என்று தலையசைத்தார். சண்டைக்குத் தயாராக வந்திருந்த எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

அன்றைக்கு வீடு வரும்வரை அந்தக் கசங்கிய குரலில் பேசிக்கொண்டே வந்தாள். மேடத்துக்கும் உறுத்தியிருக்கும், அவரும் பெண்தானே என்றாள். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு தினமும் ஒரே கேள்விதான். படம் வந்துவிட்டதா, யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா? நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

பேக்கிங் பிரிவில் இருக்கும் பெண்தான் ஒரு மதிய இடைவேளையில் தன் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவள். போனை நீட்டியவள் என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தாள். வாங்கிப் பார்த்தேன். என் தங்கைதான். விரிந்த காலர், தூக்கிய தாடை, நேரான பார்வை. கழுத்து மட்டும் வழவழவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு நிழல் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், கண்ணால் கண்டது அன்றுதான். கீழே நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். என்ன அமைதி, என்ன கண்ணியம், இந்தக் காலர் வெள்ளையில் கிடைக்குமா. அவ்வளவுதான்.

அவளுக்குக் காட்டாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் பிசிறு மேஜையிலிருந்து எழுந்து வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான் மேடத்தை, விசிலை, அந்தக் கேமராக்காரரின் பரம்பரையை எல்லாம் வாயில் வந்தபடி திட்டத் தொடங்கினேன். அவள் எதையும் காதில் வாங்கவில்லை. இரண்டு விரலால் படத்தை விரித்து, கழுத்து மட்டும் தெரியும்படி பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றாள். "முன்னாடி இப்படித்தான் இருந்துச்சா?"

"இதைவிட நல்லா இருந்துச்சுடி."

அவள் தலையாட்டினாள். பிறகு போனை அந்தப் பெண்ணிடம் நீட்டி, இந்தப் படத்தைத் தனக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டாள்.