ஒத்தையா ரெட்டையா யார் ஊர் ஆட்டம்?

நான் அப்போது சேலத்தில் பி.ஏ. சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். சரித்திரம் படிக்கிறவனுக்கு நடந்தது எல்லாம் தெரியும் என்று கொல்லிமலை ஊர்க்கவுண்டர் ராசப்பன் நம்பினார். என் பேராசிரியர்களுக்கே என்மேல் இல்லாத நம்பிக்கை அது. 1957 கோடை விடுமுறையில் அவர் மலையிறங்கி, காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டுக்கே வந்து, ஒத்தையா ரெட்டையா ஆட்டம் பிறந்தது மலையிலா, கீழ்நாட்டிலா என்று தீர்த்துச் சொல்லும்படி கேட்டார்.

ஒருவர் கையில் புளியங்கொட்டைகளை அள்ளி மூடுவார். எதிராளி, உள்ளே இருப்பது ஒற்றையா இரட்டையா என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் வென்றார், தவறினால் மூடியவர் வென்றார். இதில் தீர்க்க என்ன இருக்கிறது என்றேன். நிழல் இருக்கிறது என்றார்.

பேளுக்குறிச்சிச் சனிச்சந்தையின் கிழக்குக் கோடியில் ஒரே ஒரு புளியமரம். அதன் நிழலில் ஒரு கடைதான் கொள்ளும். அது மலையிலிருந்து வாழைப்பழம் கொண்டுவரும் குப்பாயிக்குக் கிடைக்குமா, கீழ்நாட்டில் கத்தரிக்காய் விற்கும் அம்சவேணிக்குக் கிடைக்குமா என்பதை வாராவாரம் காலையில் இந்த ஆட்டம் முடிவு செய்யும். அதற்கு ஒரு முறை உண்டு. ஆட்டம் யாருடையதோ அவர் மூடுவார், விருந்தாளி சொல்வார். சந்தை தங்கள் ஊரில் கூடுவதால் ஆட்டமும் தங்களுடையதே என்று கீழ்நாட்டார் பதினோரு வருஷமாக மூடி வந்தார்கள். மலைக்கு அது பெரிய அவமானம்.

"நம்ம ஆட்டத்துக்கு நாமளே விருந்தாளியாங்க?" என்றார் ராசப்பன்.

அந்தப் பதினோரு வருஷமும் அநேகமாகக் குப்பாயிதான் நிழலில் உட்கார்ந்திருந்தாள் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆராய்ச்சி என்றால் கேட்பது என்று எனக்கு அதுவரை தெரியாது.

முதலில் கீழ்நாட்டுத் தரப்பை விசாரித்தேன். அம்சவேணியின் மாமனார் மாணிக்கம், பஞ்ச காலத்தில் கையில் வைக்க வேறொன்றும் இல்லாததால் தன் பாட்டன் புளியங்கொட்டையை வைத்துக் கண்டுபிடித்ததாகவும், பிறகு ஆட்டம் உப்பு மூட்டையோடு மலை ஏறியதாகவும் சொன்னார். மலைத் தரப்போ, அது மிளகு மூட்டையோடு இறங்கியது என்றது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம், ஆட்டம் தானாக நடந்து போகவில்லை என்பதுதான்.

சந்தை முடிந்த சாயங்காலம் காரவள்ளியிலிருந்து மலையேறினேன். முன்னால் குப்பாயி தலையில் உப்புக்கூடையோடு ஏறிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். மூச்சு வாங்கியது எனக்குத்தான். வியாபாரம் எப்படி என்று கேட்டுவைத்தேன்.

"நெழல் கெடச்சா சரி, சாமி. வெயில்ல வெச்சா உச்சிக்குள்ள தோலு கறுத்துப்போவும், ஒருத்தரும் தொட மாட்டாங்க. மறுக்கா மலைக்குத் தூக்கியார முடியுமா? மாட்டுக்குப் போட்டுட்டு, உப்பு இல்லாம ஏறோணும்."

மூன்றாவது திருப்பத்தில், ஆட்டம் மலையுடையது என்று முடிவு செய்துவிட்டேன். ஆதாரங்களை மேலே போய்ச் சேகரித்துக்கொண்டேன். நான் எதற்கு ஏறுகிறேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே திருப்பி அனுப்பியிருப்பாள்.

அடுத்த சனிக்கிழமை சந்தையில் என் தீர்ப்பை வாசித்தேன். நான்கு பக்கம். மூன்று பக்கம் மிளகைப் பற்றியது. சந்தைக் குத்தகைக்காரர் சின்னுசாமி கேட்டுவிட்டு, எழுத்தில் இருப்பதால் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். இனிமேல் மலைதான் மூடும். ராசப்பன் தன் துண்டை எனக்குப் போர்த்தினார். குப்பாயி, வெள்ளாமையில் புகுந்த ஆட்டைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

அன்று அவள் மூடினாள், தோற்றாள். அடுத்த வாரமும் தோற்றாள். மூன்றாவது வாரம் நான் போனபோது வெயிலில் கூடையருகே நின்றுகொண்டிருந்தாள். ஏன் உட்காரவில்லை என்று கேட்க வாயெடுத்தபோதுதான் கவனித்தேன். தன் நிழல் பழத்தின்மேல் விழுகிற மாதிரி நின்றிருந்தாள். சூரியன் நகர நகர அவளும் ஓரடி நகர்ந்தாள்.

"உன்னை ஆரு கண்ணு கேட்டது?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. "அவ மூடுனா எனக்குத் தெரியும். ஒத்தையா இருந்தா அவ கட்டவெரலு அடங்காது. ரெட்டைனா கல்லாட்டம் கெடக்கும். பதினோரு வருசமா அத வெச்சுத்தான் உப்பு வாங்கறேன். எனக்கு மூடத் தெரியாது சாமி. எதை ஒளிச்சாலும் மூஞ்சி சொல்லிப்போடுது."

புதிய ஆதாரம் கண்டுபிடிக்கிறேன் என்றேன். இருக்கிற ஆதாரமே போதும், தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள்.

நான்காம் சனிக்கிழமை, கொட்டையை எடுக்கும் முன்னால், எல்லோருக்கும் கேட்கும்படி குப்பாயி சொன்னாள். ஆட்டம் கீழ்நாட்டாருடையது. அவளுடைய அம்மாவைப் பெற்ற அப்புச்சி உப்பு வாங்க வந்த இடத்தில் கற்றுக்கொண்டு போனது. ராசப்பன், சொந்த வேட்டி காற்றில் போவதைப் பார்ப்பவர்போல் நின்றார். மாணிக்கம் கும்பிட்டே விட்டார். ஆனால் அம்சவேணி மூன்று வாரம் குப்பாயியின் முகத்தைப் படித்து ருசி கண்டவள்.

"மாமா, நீங்க சும்மா இருங்க. படிச்ச புள்ள எழுதியே குடுத்திருக்குது. மலையாட்டந்தானுங்க," என்றாள்.

பிறகு ஒரு மணி நேரம், ஆட்டத்தை மலை கீழ்நாட்டுக்குக் கொடுத்தது, கீழ்நாடு மலைக்குத் திருப்பிக் கொடுத்தது. இரு தரப்பு ஆண்களுக்கும் எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. பழக்கத்தால் மாணிக்கமும் ராசப்பனும் தங்கள் வீட்டுப் பெண்களையே எதிர்த்து வாதாடினார்கள். பழமும் கத்தரிக்காயும் வெயிலில் கிடந்தன. குப்பாயிதான் முதலில் கூடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்களுதும் வேண்டாம், உங்களுதும் வேண்டாம்," என்றாள் சின்னுசாமியிடம். "இந்தத் தம்பி ஆட்டம்னு எழுதிக்கோங்க. இது மூடட்டும். நாங்க சொல்றோம்."

அம்சவேணி கொஞ்சம் யோசித்தாள். குப்பாயி நின்று நின்று தேய்த்த இடத்தில் புழுதி வழவழவென்று கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "மலையெறங்கி வந்தவ, மொதல்ல அவளே சொல்லட்டும்," என்றாள்.

கொட்டைகளை அள்ளி மூடினேன். எண்ணித்தான் அள்ளினேன். குப்பாயி சொல்லப்போவதற்கு ஏற்றபடி ஒன்றை விரலிடுக்கில் நழுவவிடலாம் என்றும் திட்டம் இருந்தது. குப்பாயி என் கையைப் பார்க்கவே இல்லை. முகத்தை ஒரு நொடி பார்த்தாள்.

"ரெட்டை. ஒண்ணும் கீழ போட்றாத."

நான் விரிப்பதற்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு நடந்துவிட்டாள். மாணிக்கம் இரண்டு முறை எண்ணினார். எட்டு.

உச்சி வருவதற்குள் கூடையில் இரண்டு சீப்புதான் மிச்சம். அதில் ஒரு பழத்தைப் பிய்த்து என்னிடம் நீட்டி, வருகிற சனிக்கிழமையும் வந்துவிடச் சொன்னாள். விடுமுறை முடிகிறது, இனிமேல் சனிக்கிழமைகளில் காலேஜில் பரீட்சை வைப்பார்கள் என்றேன்.

"அங்க போயி என்னத்த எழுதப்போற," என்றாள். "இங்க வந்து சும்மா மூடிக்கிட்டு நில்லு, சாமி."