இன்மை அறிக்கை

சாமிதுரை அண்ணன் செத்து நாற்பது நாள் ஆகப்போனது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. டிவியில் யாரோ ஒரு கன்றுக்குட்டியைக் கிணற்றிலிருந்து தூக்கினால்கூட மூக்கைச் சிந்துகிறவள். இந்த ஒன்றுக்கு மட்டும் வரமாட்டேன் என்றது. காலையில் எழுந்தேன், உடையார்பாளையத்தில் பஸ் ஏறினேன், ஆபீஸைத் திறந்து வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டேன். கை அதுபாட்டுக்கு எழுதியது.

என் பெயர் புவனேஸ்வரி. கிராம நிர்வாக அலுவலர். ஊர்க்காரர்கள் நேரில் வி.ஏ.ஓ. மேடம் என்பார்கள், நான் அந்தப் பக்கம் திரும்பினால் சிடுமூஞ்சி என்பார்கள். இரண்டும் சரிதான். சாமிதுரை அண்ணன் என்னுடைய கிராம உதவியாளர். பழைய பேச்சில் தலையாரி. என் பொறுப்பில் இரண்டு ஊர்கள். மேட்டில் செம்பியந்தாங்கல், பள்ளத்தில் நத்தவெளி. நடுவில் ஒரே ஏரி, அதற்கு ஒரே மதகு. ஏரியில் தண்ணீர் நின்றால்தான் செம்பியந்தாங்கல் போர்வெல்லில் தண்ணீர் ஊறும். மதகைத் திறந்தால்தான் நத்தவெளி வயல் நனையும். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மழை பொய்ப்பதும், பெய்தால் ஒரே நாளில் கொட்டிக் கரையை உடைப்பதும், பங்குனியிலேயே வெயில் மண்டையைப் பிளப்பதுமாக ஆன பிறகு, இதனாலேயே ஊருக்கு ஊர் வெட்டுக்குத்து வரும், அரசு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும் என்று மேலே யாருக்கோ தோன்றியிருக்கிறது. நல்ல யோசனை. நான் குற்றம் சொல்ல மாட்டேன். அதற்காக வருஷா வருஷம் மாசி மாதம் ஒரு படிவம் வரும். இருபத்திரண்டு கேள்விகள். பதினான்காவது கேள்வி, தண்ணீரால் சட்டம் ஒழுங்கு கெடக்கூடிய இடம் உண்டா என்பது. ஊர்ப் பெயரை எழுதினால் கோடை முடிகிற வரைக்கும் மதகுப் பக்கம் இரண்டு போலீஸ்காரர்கள் நிற்பார்கள். தாசில்தார் இரண்டு ஊரையும் உட்கார வைத்து முறை பிரித்துக் கொடுப்பார். ஒன்றும் இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதி அனுப்பிவிடலாம். அதற்கு இன்மை அறிக்கை என்று பெயர்.

இந்த மாசியில் படிவம் வந்த மறுநாளே என் ஆபீஸ் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. செம்பியந்தாங்கல் வீரமணியும் நத்தவெளி தர்மனும் ஒன்றாக இறங்கினார்கள். ஒரே டீக்கடையில் டீ குடிக்காத இரண்டு பேர். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"ஒக்காருங்க. என்ன, ரெண்டு பேரும் சம்பந்தி ஆயிட்டீங்களா?" என்றேன்.

வீரமணி சிரிக்கவில்லை. "மேடம், ஒங்களுக்கு முன்னாடி இருந்தவரு அந்தப் பாரத்துல எங்க ரெண்டு ஊரு பேரையும் எழுதி விட்டுட்டாரு. அதுலேர்ந்து பசங்க பாஸ்போர்ட்டு எடுக்கப் போனா ஆறு மாசம் இழுக்கறாங்க. சிங்கப்பூரு வேல ரெண்டு பேருக்குக் கையவுட்டுப் போயிடுச்சு."

"பொண்ணு கேட்டுப் போனா, அது போலீசு நிக்கிற ஊராச்சேங்கறாங்க," என்றார் தர்மன். "ஏரி விசயத்த நாங்க பேசித் தீத்துக்கறோம். நீங்க இல்லைன்னு எழுதிடுங்க."

அந்த இரண்டு ஊரும் என் காலத்தில் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். சண்டைக்காரர்களே சேர்ந்து வந்து சண்டை இல்லை என்றால், நான் யார் மறுப்பதற்கு? உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் வசதி. பெயர் எழுதினால் வரைபடம் கேட்பார்கள், கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். இல்லை என்றால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்தது.

அவர்கள் போன பிறகு சாமிதுரை அண்ணன் மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

"ஊரு பேர எழுதிடுங்க மேடம். இந்த வருசம் ஏரி சித்திரயத் தாண்டாது. இவங்க சேந்து வந்ததே எனக்கு சரியாப் படல."

"அண்ணே, ஒங்களுக்கு ஜோசியமும் தெரியுமா? சொல்லவே இல்ல."

அவர் சிரித்துவிட்டு டீ வாங்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

சித்திரை கடைசியில் ஏரியில் முழங்கால் அளவு தண்ணீர்தான் நின்றது. செம்பியந்தாங்கல்காரர்கள் மதகை மண்மூட்டை போட்டு அடைத்தார்கள். கீழே நத்தவெளியில் பருத்தி கருகிக்கொண்டிருந்தது. பேசித் தீர்த்துக்கொள்கிறோம் என்ற இரண்டு பேரும் போனையே எடுக்கவில்லை.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை. லீவு நாள். அன்றைக்கும் எங்களை விடவில்லை. டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி வகுப்பு. தலைப்பு, காலநிலை மாற்றமும் பாதுகாப்புத் தயார்நிலையும். ஏசி குளிரில் உட்கார்ந்து, திரையில் ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு ஏரி வற்றியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் சாம்பார் சாதப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது நத்தவெளியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஆம்பளைங்க எல்லாம் கடப்பாறையோடு மதகுக்குப் போறாங்க மேடம் என்றாள்.

நான் அப்போதே ஸ்டேஷனுக்குப் போன் செய்திருக்க வேண்டும். நம்பர் என் போனிலேயே இருந்தது. செய்யவில்லை. ஒன்றுமே இல்லை என்று எழுதிக் கொடுத்த ஊருக்கு எதற்கு போலீஸ் என்று கேட்பார்களே என்று பயந்தேன். இதை நான் வேறு எப்படியும் மாற்றிச் சொல்ல முடியாது. பயந்தேன். சாமிதுரை அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மதகுப் பக்கம் ஏதோ சலசலப்பாம். ஒரு எட்டு போயி நின்னு, கூட்டத்தக் கலைச்சி விட்டுட்டு எனக்குப் போன் பண்ணுங்க."

"சரிங்க மேடம்," என்றார். எங்கள் பக்கத்தில் யாருக்குப் போன் செய்தாலும் முதலில் சாப்பிட்டாச்சா என்று கேட்போம். அன்றைக்கு நான் அதைக்கூடக் கேட்கவில்லை.

அவர் மதகு மேல் ஏறி, இரண்டு பக்கமும் கையைக் காட்டி நிறுத்தப் பார்த்திருக்கிறார். கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. நெற்றிப் பொட்டில் பட்டு, மதகுப் படியில் விழுந்தார். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது போல, அன்று சாயங்காலம் மதகைச் சுற்றி எண்பது போலீஸ்காரர்கள் நின்றார்கள்.

போலீஸ் போட்ட வழக்கில் இருபத்து மூன்று பெயர்கள். ஏழாவது பெயர் சாமிதுரை. அவர் வீடு நத்தவெளியில், லீவு நாள், எந்த உத்தரவும் இல்லாமல் மதகில் நின்றார், ஆகவே அவரும் மதகை உடைக்க வந்த கும்பலில் ஒருவர். கணக்கு அவ்வளவுதான். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. செத்தவரின் மகள் மணிமொழிக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்டு நான்தான் மனு எழுதிக் கொடுத்திருந்தேன். இறந்தவர் மேல் கலவர வழக்கு இருப்பதால் முடிவாகும் வரை நிறுத்தி வைக்கவும் என்று தாலுகா ஆபீஸில் அதன் மேல் குறிப்பு எழுதிவிட்டார்கள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவர் மனைவி அம்சவள்ளி டம்ளரில் மோர் கொடுப்பார். பிறகு ஒவ்வொரு தடவையும் அதே பேச்சு.

"நான் முந்திரிக்காட்டுக்குப் போயிட்டேங்க. வந்து பாத்தா தட்டுல பாதி சோறு அப்படியே கெடக்குது. சோத்துல ஒக்காந்தா பூகம்பமே வந்தாலும் எந்திரிக்க மாட்டாருங்க அவரு. அப்படி என்ன அவசரம் அவருக்கு?"

நான் மோரைக் குடித்துக்கொண்டிருப்பேன். தொண்டையில் இறங்கும். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

போன ஞாயிற்றுக்கிழமை மணிமொழி வழக்குக் காகிதத்தின் நகலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஜெயங்கொண்டத்தில் ஜவுளிக்கடையில் வேலை செய்கிற பெண். அதிகம் பேச மாட்டாள்.

"அப்பாவும் கல்லு எறிஞ்சாருன்னு போட்டுருக்கு மேடம். எறிஞ்சிருப்பாரா?"

"ஏன் கேக்கற?"

"வேற எதுக்கு சோத்த வுட்டுட்டுப் போனாரு? நம்ம பருத்தியும்தான காஞ்சுச்சு."

பெற்ற மகளே சந்தேகப்படுகிறாள். அன்று ராத்திரி படுத்தேன், தூங்கினேன். காலையில் எழுந்ததும், நடந்ததை எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன் என்று தெரிந்தது. ரொம்ப யோசித்ததாக நினைவில்லை.

எழுதியதைத் தாலுகா ஆபீஸில் துணைத் தாசில்தார் ராசாங்கம் சாரிடம் நீட்டினேன். கெட்ட மனிதர் இல்லை. படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஏம்மா, வேலில போற ஓணான எடுத்து மடில வுட்டுக்கறே? நீ அனுப்புனன்னு எழுதுனா, இல்லைன்னு எழுதுன எடத்துக்கு ஆள ஏன் அனுப்புனன்னு கேப்பாங்க. தெரிஞ்சே மறைச்சேன்னு நீயே எழுதி வச்சிருக்க. மொத சஸ்பென்ஷன். அப்புறந்தான் வெளக்கமே கேப்பாங்க."

"தெரியும் சார்."

"புள்ளைக்கு இன்னும் காலேஜ் முடியல ஒனக்கு."

"அதுவும் தெரியும் சார். சீல் போட்டுக் குடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் அழுவேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. பிறகு முத்திரை குத்தி நகலைக் கொடுத்தார்.

அந்த நகலை எடுத்துக்கொண்டு நேரே நத்தவெளிக்குப் போனேன். அம்மாவும் மகளும் வீட்டில் இருந்தார்கள். அம்சவள்ளிக்குப் படிக்கத் தெரியாது. மணிமொழி வாங்கி, நின்றபடியே சத்தமாகப் படித்தாள். மாசியில் சாமிதுரை எச்சரித்ததை. நான் கேட்காமல் இல்லை என்று எழுதியதை. போலீசைக் கூப்பிடப் பயந்ததை. பகல் ஒன்று நாற்பதுக்குப் போன் செய்து அவரைப் போகச் சொன்னதை. 'அவர் என் உத்தரவின் பேரிலேயே அங்கே சென்றார். அவருக்கும் கலவரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.' ரேஷன் கடைப் பலகையைப் படிக்கிற மாதிரிதான் படித்தாள். எங்கேயும் நிறுத்தவில்லை.

அம்சவள்ளி என் பக்கம் திரும்பினார்.

"அஞ்சு ஞாயித்துக்கெழம கேட்டேனே ஒங்கள," என்றார்.

"கேட்டீங்க."

"மோர் குடிச்சிட்டுப் போனீங்க."

"ஆமாங்க."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பது நாளில் எனக்குள் முதன்முதலாக ஏதோ ஒன்று அசைந்தது அப்போதுதான்.

மணிமொழி காகிதத்தை மடித்தாள்.

"இதக் குடுத்தா அப்பா பேர எடுத்துருவாங்களா?"

"எடுத்துருவாங்க. எடுத்துத்தான் ஆகணும். ஒன் வேல மனுவும் நகர்ந்துரும்."

"என்ன வேல குடுப்பாங்க?"

"அப்பா பாத்த வேலதான். கிராம உதவியாளர்."

"யாராச்சும் போன் பண்ணி, ஒரு எட்டு போயி நின்னு பாருன்னு சொன்னா போவணும்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை எனக்குச் சுலபமாக வரும்.

"போவணும்," என்றேன்.

"நீங்க சொல்லுவீங்களா?"

"நான் இருக்க மாட்டேன். எனக்குப் பதிலா வர்றவங்க சொல்லுவாங்க."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்சவள்ளி தலையைக்கூட ஆட்டவில்லை. ஆனாலும் இருவருக்குள்ளும் ஏதோ முடிவாகிவிட்டது.

"அப்பா பேர மட்டும் எடுத்துக் குடுங்க மேடம். எனக்கு அந்த வேல வேணாம். மனுவத் திருப்பி வாங்கிக் குடுத்துருங்க."

"அவசரப்படாத. அரசாங்க வேல. ஜவுளிக்கடையில ஒனக்கு என்ன..."

"வாங்கிக் குடுத்துருங்கன்னு சொல்லுதுல்ல," என்றார் அம்சவள்ளி.

சஸ்பென்ஷன் உத்தரவு வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. புதன்கிழமையே நான் தாலுகா ஆபீஸுக்குப் போய், மணிமொழியின் மனுவை அவள் கையெழுத்தோடு திரும்ப வாங்கிவிட்டேன். வாபஸ் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று குமாஸ்தா கேட்டார். விருப்பமில்லை என்று எழுதச் சொல்லிவிட்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.